கச்சேரி போன பின் கோட்டை



அறக்கட்டளைச் சொற்பொழிவென்றால் முதற் கால்மணி நேரம் நன்றி சொல்வதிலேயே போய்விடும். அந்த வழக்கம் வேண்டாமென்று இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தாரே கேட்டுக்கொண்டார்கள். ஆகவே நேரே விடயத்துக்கு வருகிறேன்.

2024ஆம் ஆண்டு திராய்மடுவில் மட்டக்களப்பு மாவட்டச் செயலகத்துக்கெனப் புதிய கட்டடத் தொகுதி திறக்கப்பட்டது. ஆங்கிலேயர் காலந்தொட்டுப் புளியந்தீவுக் கோட்டைக்குள் இருந்த அந்தச் செயலகத்துக்கு, நாம் சொல்லும் கச்சேரிக்கு, அதுதான் புதிய வீடு. திறப்பு விழாப் படங்கள் பத்திரிகைகளில் வந்தன. விட்டுப் போகும் இடத்தைப் பற்றிப் பேச்சு அதிகம் எழவில்லை. கச்சேரி எழும்பிப் போன கோட்டையை என்ன செய்வது? சுற்றுலா விடுதிக்குக் குத்தகைக்குக் கொடுக்கலாம் என்பாரும், சுத்தம் செய்து, புல் வளர்த்து, நுழைவுச்சீட்டு விற்கலாம் என்பாரும் உண்டு. என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். கோட்டைக்குள் தொடர்ந்து ஊர் வேலை நடக்க வேண்டும். ஏன் என்று விளக்கத்தான் இந்த ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொள்கிறேன்.

கொஞ்சம் தூரத்திலிருந்து தொடங்குகிறேன். மத்தியதரைக் கடலின் வடக்குக் கையாகிய ஏட்ரியாடிக் கடலோரத்தில், இன்றைய குரோஷியாவில், ஸ்ப்ளிட் என்றொரு ஊர் இருக்கிறது. உரோமப் பேரரசன் டயோக்ளீசியன் கி.பி. 305இல் முடியைத் தானாகவே இறக்கி வைத்தான். அதற்கு முன்பே, கடலைப் பார்த்தபடி ஓய்வுக்காலத்தைக் கழிக்க அங்கே ஓர் அரண்மனை கட்டத் தொடங்கியிருந்தான். பெயர்தான் அரண்மனை. நான்கு மதில், காவற்கோபுரங்கள், குறுக்கும் நெடுக்கும் இரண்டு தெரு என்று அமைப்பெல்லாம் கோட்டையின் அமைப்பு. அதற்குச் சில கிலோமீற்றர் தூரத்தில் சலோனா என்ற பெருநகரம் இருந்தது. அந்த மாகாணத்தின் தலைநகரமும் அதுவே. ஏழாம் நூற்றாண்டில் அவாரும் சிலாவியரும் படையெடுத்து வந்தபோது சலோனா விழுந்தது. தப்பிய சனங்கள் ஓடிவந்து, அரசன் இல்லாத அரண்மனைக்குள் குடியேறினார்கள்.

இன்று இரண்டையும் போய்ப் பார்ப்பவர்களுக்கு ஒரு விந்தை தெரியும். ஓய்வெடுக்கக் கட்டிய இடம் ஊராக நிற்கிறது. ஊராக இருந்த சலோனாவோ புல்வெளி நடுவே அத்திவாரங்களாகக் கிடக்கிறது. சலோனாவை ஃபிரானே புலிச் என்ற குருவானவர் தம் வாழ்நாள் முழுவதும் அகழ்ந்தார். அவர் உழைத்திராவிட்டால் அங்கே என்ன இருந்தது என்று நமக்குத் தெரிந்திருக்காது. ஸ்ப்ளிட் அரண்மனையை யாரும் மண்ணுக்குள்ளிருந்து தோண்டி எடுக்க வேண்டியிருக்கவில்லை. சனங்கள் மதிலில் சன்னல் வெட்டினார்கள், தூண்களுக்கிடையே கடை கட்டினார்கள், தூணோடு தூணாகச் சமையலறை வைத்தார்கள். கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய அந்த அரசனின் கல்லறை மண்டபம், அவன் காலத்தில் கொல்லப்பட்ட ஆயர் டோம்னியுஸின் பெயரால் பேராலயமாயிற்று. இப்படியொரு பழிவாங்கலை எந்தப் புலவனும் கற்பனை செய்திருக்க மாட்டான். 1764இல் ராபர்ட் ஆடம் என்ற கட்டடக் கலைஞர் அந்த அரண்மனையின் வரைபடங்களை நூலாக வெளியிட்டார். அவர் அளந்தபோதும் உள்ளே சனங்கள் இருந்தார்கள். 1979இல் யுனெஸ்கோ உலக மரபுரிமை இடமாக ஏற்றபோதும் இருந்தார்கள். இன்றும் இருக்கிறார்கள்.

குடியிருந்தவர்கள் நிறையச் சேதமும் செய்தார்கள், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அவர்கள் அங்கே இருந்ததால்தான் சேதப்படுத்த ஏதோ ஒன்று மிஞ்சியது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு புளியந்தீவுக்கு வாருங்கள்.

மட்டக்களப்பு வாவி பற்றி இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை, அச்சில் வாசிக்கும் வெளியூராருக்காகச் சொல்கிறேன். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். கடலுக்கு இணையாகத் தெற்கு வடக்காகக் கிடக்கிறது. பாலமீன்மடுவில் ஒரு வாய், தெற்கே கல்லாற்றுப் பக்கம் ஒரு வாய். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட நிலம் எழுவான்கரை, வாவிக்கு மேற்கே உள்ளது படுவான்கரை. மீன் பாடுவதைப் பற்றி நான் பேசப் போவதில்லை. இந்த ஊரைப் பற்றிப் பேச வருபவர்கள் எல்லாரும் அதைப் பேசி முடித்துவிட்டார்கள், மீன்களுக்கும் களைத்திருக்கும்.

வாவிக்குள் உள்ள சிறு தீவுதான் புளியந்தீவு. 1628இல் போர்த்துக்கேயர் இங்கே கோட்டை கட்டினார்கள். கட்டுவித்தவன் தளபதி கொன்ஸ்தாந்தீனு தெ சா. நாலு வருடம் முன்னர் திருகோணமலையில் கோணேசர் கோயில் கற்களைக் கொண்டு கோட்டை எழுப்பியவனும் அவனே. கிழக்குக் கரைத் துறைமுகங்களைப் பூட்டினால் கண்டி அரசனுக்கு வெளியுலகத் தொடர்பு இராது என்பது அவன் கணக்கு. கணக்குப் பிழையில்லை. ஏனென்றால் 1602இலேயே யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் என்ற ஒல்லாந்துக் கப்பல் தலைவன் மட்டக்களப்பில் இறங்கி, இங்கிருந்து கண்டிக்குப் போய் விமலதர்மசூரியனைக் கண்டு வந்திருந்தான். வழி திறந்திருந்தது, தெ சா அதை அடைத்தான். கோட்டை கட்டி இரண்டு வருடத்தில் ஊவாப் பக்கம் நடந்த போரில் அவன் மாண்டான். கோட்டையும் அதன் பிறகு எட்டு வருடந்தான் போர்த்துக்கேயர் கையில் இருந்தது.

1638 மார்ச்சில் கன்னொறுவையில் இரண்டாம் இராஜசிங்கன் போர்த்துக்கேயரை முறியடித்தான். மே மாதம் அட்மிரல் வெஸ்டர்வோல்ட் கப்பல்களோடு வர, கண்டிப் படை தரைவழியாக வந்து சேர, மே 18ஆம் தேதி கோட்டை வீழ்ந்தது. ஐந்து நாள் கழித்து, மே 23இல், அரசனும் ஒல்லாந்தரும் உடன்படிக்கை செய்தது இதே மட்டக்களப்பில்தான். இலங்கை வரலாற்றின் மிகப் பெரிய எழுத்துத் தில்லுமுல்லுகளில் ஒன்று அப்போது நடந்தது. பிடிக்கும் கோட்டைகளில் ஒல்லாந்தர் படை நிற்கலாம் என்று மூன்றாம் பிரிவு சொல்லியது. அரசனிடம் கொடுத்த போர்த்துக்கேய மொழிப் படியில், அரசன் விரும்பினால் மட்டுமே அது நடக்கும் என்ற நிபந்தனை இருந்தது. ஒல்லாந்தர் தாங்கள் வைத்துக்கொண்ட படியில் அந்த நிபந்தனையைக் காணவில்லை. அடுத்த நூற்றாண்டு முழுவதும் நடந்த சச்சரவுக்கு வித்து அந்தச் சில சொற்கள். காணி உறுதியில் ஒரு வரி விடுபட்டால் என்ன ஆகும் என்று படுவான்கரையின் காணிக்காரப் போடிமாருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அரசனுக்குத்தான் அது பிந்தி விளங்கியது.

ஒல்லாந்தர் சில வருடங்களில் அரண்களை இடித்து இடத்தை அரசனிடம் கொடுத்தார்கள். பிறகு 1660களில் திரும்பி வந்து மீண்டும் கட்டினார்கள். நாம் இன்று காணும் நான்கு கொத்தளங்கள், இரண்டு பக்கம் வாவியும் இரண்டு பக்கம் அகழியுமான அமைப்பு, பெரும்பாலும் அவர்கள் கைவேலை. 1795 செப்டெம்பரில் ஆங்கிலேயர் எடுத்தார்கள். பிறகு கோட்டைக்குச் சண்டை வேலை இல்லை. கச்சேரி வந்தது.

வரலாற்று நூல்கள் இந்த இடத்தில் கதையை முடித்துவிடும். எனக்கோ இங்கேதான் கோட்டை சுவையாகிறது. பீரங்கி பார்க்க நம்மில் எத்தனை பேர் கோட்டைக்குப் போனோம்? காணி அனுமதிப்பத்திரத்துக்குப் போனோம். ஓய்வூதியப் படிவத்துக்குப் போனோம். வெள்ள நிவாரணப் பட்டியலில் பெயர் விடுபட்டதைச் சொல்லப் போனோம். 1978 நவம்பர் 23 சூறாவளி அடித்து ஊரெல்லாம் கூரையில்லாமல் நின்றபோது தகரமும் மாவும் கேட்டு நின்ற வரிசை அந்த வாசலில்தான். 2004 டிசம்பர் 26க்குப் பிறகும் அதே வாசல். காணாமற்போன பிள்ளைகளின் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தாய்மார் அதே வாசலில் நின்றார்கள். ஒல்லாந்தர் யாரையும் உள்ளே விடாமலிருக்கக் கட்டிய வாசல், உள்ளே போக முடியாதா என்று சனங்கள் காத்து நின்ற வாசலாயிற்று. கோட்டைக்குள் நடந்த நிருவாகத்தை நான் மெச்சவில்லை. இரண்டரை மணி நேரம் வாங்கில் இருத்திவிட்டு நாளை வா என்று சொன்ன எழுதுவினைஞர்களை நானும் கண்டவன்தான். ஆனால் மட்டக்களப்பு மாவட்டத்தின் எந்தக் குக்கிராமத்துக்காரனுக்கும் கோட்டை தெரியும். இலங்கையின் எத்தனை கோட்டைகளைப் பற்றி இப்படிச் சொல்லலாம்?

கோட்டையை விட்டுப் போகாதவர்கள் இன்னொரு கூட்டம்: பறங்கியர். போர்த்துக்கேயர் வழி வந்தவர்கள். ஒல்லாந்தர் வந்தார்கள், போனார்கள், ஆங்கிலேயர் வந்தார்கள், போனார்கள், இவர்கள் இருந்தார்கள். தச்சு, கொல்லுவேலை, தையல், சப்பாத்து, இயந்திரத் திருத்தம் என்று ஊருக்குக் கைத்தொழில் செய்தார்கள். தெருவில் தமிழ், வீட்டுக்குள் தங்கள் போர்த்துக்கேயக் கிரியோல். கலியாண வீட்டில் கஃப்ரிஞ்ஞா ஆட்டம். டச்சுபார் பக்கம் குடியிருந்த அவர்களைச் சுனாமி கடுமையாகத் தாக்கியது. லிஸ்பன் பல்கலைக்கழகத்து ஹ்யூகோ கார்டோசோ போன்ற ஆய்வாளர்கள் அந்த மொழியை ஒலிப்பதிவு செய்து ஆவணப்படுத்தியிருக்கிறார்கள். மதில் ஒல்லாந்தர் கட்டியது. ஆனால் முதற் கோட்டையின் காலம் இன்னும் பேச்சாக மிஞ்சியிருப்பது இவர்கள் வாயில்தான். கோட்டைக்குள் வைக்கும் விளக்கப்பலகையில் இவர்களுக்கு ஒரு வரியேனும் இடம் வேண்டும்.

இனி வாவியைக் கடப்போம். குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையே ஓடும் 'பாதை' என்ற மிதவையில் ஏறியவர்களுக்குத் தெரியும்: மிதக்கும் தட்டில் மோட்டார் சைக்கிள், நெல்மூடை, பள்ளிக்கூடப் பிள்ளைகள், கோயிலுக்குப் போகிற கிழவி எல்லாம் ஒன்றாக நகரும். மண்முனையிலும் அப்படித்தான் இருந்தது. 2014இல் யப்பான் உதவியோடு பாலம் வந்தது. பாலம் வந்ததும் கொக்கட்டிச்சோலை பக்கத்து ஊராகிவிட்டது. நல்லதுதான், இரவில் பிள்ளைப்பேற்று வலியோடு துறையில் காத்திருந்த பெண்களைக் கேட்டுப் பாருங்கள்.

மண்முனை என்றால் மட்டக்களப்பு மான்மியம் நினைவுக்கு வரும். எப். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்த நூல். உலகநாச்சி என்ற கலிங்க இளவரசி இந்த நிலத்தைப் பெற்றுக் குடியேறி, இன்று ஆரையம்பதிக்கு அருகே கோவில்குளம் என்று சொல்லும் இடத்தில் காசிலிங்கம் வைத்துக் கோயில் கட்டினாள் என்கிறது அது. பிற்காலத்தில் போர்த்துக்கேயர் அதை இடித்ததாகச் சொல்வார்கள். மான்மியத்தை நாட்குறிப்புப் போல வாசிப்பது தவறு, கட்டுக்கதை என்று தள்ளுவது அதைவிடத் தவறு. எந்தக் குடிக்கு எந்தக் கோயிலில் எந்த உரிமை என்பதை நிலைநாட்ட எழுந்த ஏடு அது. ஆண்டுகளில் தடுமாறும், உரிமைகளில் தடுமாறாது.

கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீசுவரர் கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். திடகன் என்ற வேடன் கொக்கட்டி மரத்தை வெட்ட இரத்தம் பெருகியது, உள்ளே லிங்கம் இருந்தது என்பது தலக்கதை. பறங்கித் தளபதி ஒருவன் இடிக்க வந்தபோது கல் நந்தி எழுந்து புல் தின்றது, அவன் திகைத்துத் திரும்பினான் என்பது அடுத்த கதை. நம் ஊர்க் குழந்தைகள் எல்லாருக்கும் இது தெரியும். எனக்கு இந்தக் கதையில் பிடித்தது வேறு. திருகோணமலைக் கோயில் இடிந்த கதையும் இந்தக் கோயில் தப்பிய கதையும் ஒரே தலைமுறையின் அச்சத்திலிருந்து பிறந்தவை. தோற்ற கதையைக் கல்லில் தேடலாம், தப்பிய கதையைத் திருவிழாவில்தான் காணலாம்.

அந்தத் திருவிழாவை நடத்துவது யார்? உலகிப்போடி குடி, காலிங்கா குடி, படையாட்சி குடி என்று குடிவழி வரும் கோயிற் பொறுப்பாளர்களான வண்ணக்கர்மார். குடி தாய்வழியாக இறங்கும். முதலைக்குடா, முனைக்காடு, மகிழடித்தீவு என்று சுற்றுக் கிராமங்கள் எல்லாம் அந்தத் தேர்வடத்தைப் பிடிக்கும். யார் வடம் தொட வேண்டும், யாருக்கு முதல் மரியாதை என்பதை ஓலையில் எழுதி வைத்தார்கள். நம் பகுதியில் கல்வெட்டு என்று சொல்வதில் பெரும்பகுதி இப்படி ஓலையில் இருப்பதுதான். இந்தக் கட்டமைப்பை டெனிஸ் மக்கில்வ்ரே பல பதிற்றாண்டு ஆராய்ந்து 2008இல் பெருநூலாக வெளியிட்டார். முஸ்லிம் ஊர்களிலும் தாய்வழிக் குடி உண்டு. கோயிலுக்கு வண்ணக்கர் போலப் பள்ளிவாசலுக்கு மரைக்காயர் உண்டு. ஒரே அச்சில் வார்த்த இரண்டு சமூகங்கள் என்று அந்நூலை வாசித்தவர்களுக்குத் தோன்றும்.

இந்த ஒழுங்கை நான் பூசித்துப் பேசுகிறேன் என்று எண்ண வேண்டாம். மரியாதைப் பட்டியல் என்றால் மரியாதை இல்லாதவர்களின் பட்டியலும் கூடவே இருக்கிறது. பறை அடித்தவரும் துணி விரித்தவரும் எந்த வாசலில் நின்றார்கள் என்பதும் அதே ஓலையின் இன்னொரு பக்கம். அதையும் சேர்த்துத்தான் பாதுகாக்க வேண்டும். அழகானதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கிழித்துவிட்டால் அது ஆவணமாக நிற்காது.

இன்னும் மேற்கே போனால் காடு, பாறை, குளம். கரடியனாற்றுப் பக்கம் குசலான மலைக் குகைகளில் பிராமி எழுத்துச் சாசனங்கள் இருக்கின்றன. பரணவிதான 1970இல் வெளியிட்ட தொகுதியில் அவை உண்டு. மொழி பிராகிருதம், காலம் கிறிஸ்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகள். அதே மலையில் இன்று முருகன் கோயில் இருக்கிறது. இந்தச் சொற்பொழிவின் கடினமான பகுதி இதுதான்.

2020 ஜூன் மாதம் கிழக்கு மாகாணத்தின் தொல்லியல் மரபுரிமையை முகாமை செய்ய ஜனாதிபதி செயலணி ஒன்றை வர்த்தமானி அறிவித்தது. தலைவர் பாதுகாப்புச் செயலாளர். முதலில் அறிவித்த உறுப்பினர்களில் தமிழர் ஒருவர் இல்லை, முஸ்லிம் ஒருவர் இல்லை. மூன்று இனத்தவரும் வாழும் மாகாணத்தின் பழம்பொருளைக் காக்க பாதுகாப்புச் செயலாளர் எதற்கு என்று கேட்டோம். கேட்டதில் தவறே இல்லை. கல்லுக்குப் பக்கத்தில் கம்பி வேலி வந்தால் வேலிக்குப் பின்னால் வயலும் மேய்ச்சல் தரையும் போகும் என்ற அச்சம் வெறும் கற்பனையால் வந்ததன்று. கிழக்கில் ஒரு செங்கல் இன்று காணி உறுதியாக வாசிக்கப்படுகிறது. யார் முதலில் கண்டெடுத்தாரோ அவருக்கே நிலம்.

நாம் இதற்கு எப்படிப் பதில் சொன்னோம்? அவர்கள் விகாரை என்றால் நாம் கோயில் என்றோம். பிராகிருதச் சாசனத்தில் சங்கத்துக்குக் குகை கொடுத்த செய்தி வந்தால் அதைப் பற்றிப் பேசாமல் நழுவினோம். ஏன் நழுவ வேண்டும்? பௌத்தம் ஒரு மொழிக்காரரின் தனிச்சொத்தாக என்றைக்கும் இருந்ததில்லை. மணிமேகலையைப் படித்த நமக்கு இதை வேறு யாரும் சொல்லத் தேவையில்லை. பேராசிரியர் சி. பத்மநாதன் 2016இல் கிழக்கிலங்கையின் நாகரும் தமிழும் பற்றி நூல் எழுதினார். படுவான்கரையில் கிடைத்த நாகர் பெயர் பொறித்த கற்களையும் பிற சான்றுகளையும் அதில் முன்வைத்தார். அவர் வாசிப்பை ஏற்பவரும் உண்டு, மறுப்பவரும் உண்டு. வாதிடட்டும். ஆனால் வாதிடுவதற்குக் கல் அந்த இடத்திலேயே இருக்க வேண்டும்.

இங்கேதான் நம் பக்கத்துக் குறை. திருவிழாப் பணமும் வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பும் பணமும் சேர்ந்ததும் முதல் வேலை என்ன? பழைய கட்டடத்தை இடித்துச் சீமெந்தில் கோபுரம். சுண்ணச்சாந்துச் சுவர், செங்கல் அத்திவாரம், தேய்ந்த படிக்கல் எல்லாம் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறிப் பள்ளம் நிரப்பப் போகின்றன. கும்பாபிடேக மலரில் அந்தக் கோயில் ஆயிரம் ஆண்டு பழமை வாய்ந்தது என்று அச்சிடுகிறோம். பழமைக்குச் சான்றாக இருந்த கல்லோ மலர் அச்சாகும் முன்பே தெருவுக்குக் கீழே போய்விட்டது. தொல்லியல் திணைக்களத்தைக் குறைசொல்லும் அதே வாயால் இதையும் சொல்லியாக வேண்டும். பள்ளிவாசல்களிலும் இதே கதை நடக்கிறது; காத்தான்குடி நண்பர்கள் இதை மறுக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

காத்தான்குடி என்றதும் இன்னொரு வகைச் சிதைவைச் சொல்ல வேண்டும். 1990 ஆகஸ்ட் 3ஆம் தேதி இரவுத் தொழுகையில் நின்றவர்களைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். மீரா ஜும்ஆப் பள்ளிவாசலில் குண்டு துளைத்த சுவரை ஊரார் பூசி மறைக்காமல் வைத்திருக்கிறார்கள். அதற்கு அடுத்த மாதம், செப்டெம்பர் 9இல், சத்துருக்கொண்டான். 1991 ஜூன் 12இல் மகிழடித்தீவு. அந்த இரண்டிலும் கொன்றது அரச படை, செத்தவர்கள் தமிழ்க் கிராமத்தவர்கள். படுவான்கரையில் நினைவுத்தூண்கள் நிற்கின்றன. காட்டுக்குள் கிடக்கும் தூணுக்கு வயது கேட்கும் நாம் இந்தச் சுவர்களையும் தூண்களையும் நம் காலத்துச் சாசனங்களாக எண்ணுவதில்லை. ஐந்நூறு வருடம் கழித்து வரும் ஆய்வாளன் புளியந்தீவுக் கோட்டைக்குக் கொடுக்கும் அதே கவனத்தை இவற்றுக்கும் கொடுப்பான். அவனுக்கு நாம் எதை விட்டுவைக்கிறோம்?

கோட்டைக்குத் திரும்புகிறேன். விடுதி வேண்டாம் என்பதற்கு என் காரணம் எளிது. விடுதியானால் வாசலில் காவலாளி நிற்பான். கச்சேரிக்கு வந்து போன அதே கிழவன் அவனைத் தாண்ட முடியாது. வெறும் காட்சிச்சாலையும் போதாது. வருடத்துக்கு ஒருமுறை பாடசாலைப் பிள்ளைகள் வரிசையாக வந்து, கண்ணாடிப் பெட்டியைப் பார்த்து, சோடா குடித்துப் போவார்கள். மதிலுக்கு அது போதும்; மாவட்டத்துக்குப் போதாது.

நான் கேட்பது ஆவணக் காப்பகம். இரு நூற்றாண்டுக்கு மேலாகச் சேர்ந்த காணிப் பதிவு, குளத்துப் பதிவு, வெள்ளம், சூறாவளி, சுனாமி நிவாரணக் கோப்புகள் எதற்கும் கறையான் வராத அறையும் படிப்பவருக்கு மேசையும் வேண்டும். 1921இல் முதலியார் எஸ். ஓ. கனகரத்தினம் மட்டக்களப்பு மாவட்டம் பற்றித் தனிநூல் எழுதினார். 1964இல் வீ. சீ. கந்தையா மட்டக்களப்புத் தமிழகம் எழுதினார். அப்படிப்பட்ட நூல் இன்று ஒருவர் எழுத விரும்பினால் எங்கே உட்கார்ந்து எழுதுவார்? பெரும்பாலும் கொழும்புக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் நூலகம் நிறுவனத்தின் இணையத் தொகுப்பைத் திறக்க வேண்டும். 2005 முதல் அவர்கள் செய்யும் எண்ணிமமாக்கும் பணிக்கு நான் கடன்பட்டவன். ஆனால் எண்ணிமப் படிக்கு மூலம் ஒன்று எங்கோ பத்திரமாக இருக்க வேண்டும்.

அரசாங்கத்திடம் கேட்பதோடு நிறுத்தினால் அது மனு. இந்த மண்டபத்தில் வண்ணக்கர்மார் இருக்கிறார்கள், பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையினர் இருக்கிறார்கள், பங்குத் தந்தையர் இருக்கிறார்கள். உங்களிடம் கேட்பது இது. திருப்பணிக்கு அடிக்கல் நடும் முன், இருக்கிற கட்டடத்தின் அளவு வரைபடம் ஒன்று போடுங்கள். நாலு பக்கமும் நிழற்படம் எடுங்கள். தோண்டும்போது செங்கல், ஓடு, சட்டித்துண்டு வந்தால் வந்த ஆழத்தைக் குறித்து வையுங்கள். நாட்டாண்மைக்காரனுக்குச் சொல்வதைவிட மேசனுக்கு இதைச் சொல்லுங்கள், அவன் கைதான் முதலில் தொடும். பழைய படிக்கல்லைப் புதிய கோயிலின் பக்கத்திலேயே வையுங்கள், பள்ளத்தில் போடாதீர்கள். உங்கள் கல்வெட்டு ஓலையின் ஒரு படியை வெளியே கொடுங்கள். உரிமை போய்விடும் என்று அஞ்சுகிறவர்களுக்கு 1638ஆம் ஆண்டு உடன்படிக்கையை நினைவூட்டுகிறேன்: இரண்டு தரப்பிலும் வேறு வேறு படி இருந்ததால்தான் ஏமாற்று வெளியே தெரிந்தது.

கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. கோட்டைக் கொத்தளங்களையும் கச்சேரி வேலைக்காகப் பின்னாளில் உள்ளே கட்டிய அறைகளையும் ஒன்றாக அளந்து வரையுங்கள். ஒல்லாந்தர் கட்டியதை மட்டும் வரைந்துவிட்டுத் தகரக் கூரையையும் மரத் தடுப்பையும் விட்டுவிடாதீர்கள். ஸ்ப்ளிட்டில் ஆடம் அரசனின் தூணைத் தேடி அளந்தபோது அங்கு வாழ்ந்தவர்களின் வீடுகளைப் பெரும்பாலும் இடையூறாகவே பார்த்தார். அவர் விட்டதை நாம் விட வேண்டியதில்லை. எழுதுவினைஞரின் மேசை இருந்த இடம், சனங்கள் காத்திருந்த வாங்கு, படிவம் விற்ற சன்னல் எல்லாம் அந்த வரைபடத்தில் வரட்டும்.

பழைய கோப்புகள் எங்கே போகின்றன, எவை அழிக்கப்படுகின்றன என்று பொதுமக்கள் கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் அதற்கு வழி தருகிறது. விண்ணப்பப் படிவங்கள் வாசலில் வைத்திருக்கிறோம். போகும்போது ஒன்று எடுத்துச் செல்லுங்கள்.